‘நாளைக்குள்ள ஒரு ஆள் வேணும்க்கா’

கேள்வி: வணக்கம் மேடம். தென் மாவட்டம் ஒன்றில் பாலியல் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் கள ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஆணுறை கொடுப்பது, பரிசோதனைக்குக் கூட்டிப்போவது, ரேஷன் கார்டு, ஆதார் வாங்கித் தருவது என்று வேலை. மகளிர் தினம், எய்ட்ஸ் தினம் வந்தாலோ எங்காவது ரெய்டு நடந்தாலோ சேனல்களிலிருந்து போன் வரும். போன வாரம் ஒரு தயாரிப்பாளர் பேசினார். “நாளைக்குள்ள ஒரு ஆள் வேணும்க்கா. முப்பது வயசுக்குள்ள இருந்தா நல்லது. நல்லாப் பேசணும், அழுதாலும் பரவாயில்ல. முகத்தை மறைச்சிடுவோம்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுவாராம். போன மாதம் எங்கள் உறுப்பினர் ஒருவர் வேறொரு சேனலுக்குப் பேசினார். முகத்தை மங்கலாக்கித்தான் போட்டார்கள். ஆனாலும் தெருவில் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். வீடியோ இன்னும் யூடியூபில் இருக்கிறது. எங்கள் பக்கத்தை யாராவது சொன்னால்தானே மக்களுக்குப் புரியும் என்றும் தோன்றுகிறது. ஆள் அனுப்பலாமா? அனுப்பினால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? அந்த வீடியோவை என்ன செய்வது? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த வீடியோவைப் பார்த்துவிடுவோம். மற்றதை ஆற அமரப் பேசலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சேனல்களுக்கான அரசு விதி. அந்த நாள் கடந்துவிட்டால், டிவியில் என்ன போட்டார்கள் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். ஆகவே இன்றைக்கே உட்கார்ந்து வீடியோவின் இணைப்பு, வெளியான தேதி, எந்த நிமிடத்தில் வீடு தெரிகிறது, எந்த நிமிடத்தில் குரல் மாறாமல் வருகிறது என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனிலேயே திரையைப் பதிவு செய்துவையுங்கள். கமெண்டில் எவனாவது ஊரையோ தெருவையோ எழுதியிருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போனதும் வீடியோவை எடுத்துவிட்டு, ‘அப்படி எதுவும் இல்லையே’ என்று சொல்லிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

அப்புறம் பேட்டி எடுத்த நிருபருக்கே போன் போடுங்கள். சண்டை வேண்டாம். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று நடந்ததைச் சொல்லி, யூடியூபிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பாதி விவகாரம் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சேனலின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2021-இல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை, அல்லது சொன்னது சரியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கிற சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். யூடியூபுக்குத் தனியாக அந்தரங்க மீறல் புகார்ப் படிவம் இருக்கிறது. முகம் தெரியாவிட்டாலும் குரலால் அடையாளம் தெரிகிறது என்றும் அதில் புகார் சொல்லலாம். ஆனால் பாதிக்கப்பட்டவரே அதை நிரப்ப வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்யுங்கள்.

புகாரில் வீடியோவை நீக்கக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். ப்ரமோ, ஷார்ட்ஸ், பேஸ்புக் துண்டு எல்லாவற்றையும் நீக்கக் கேளுங்கள். சேனலின் பதிவுக் காப்பகத்தில் இருக்கும் மூலப் பதிவின் மேல் ‘மறுபடி பயன்படுத்தக் கூடாது’ என்று குறிப்புப் போடச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, இப்போது அந்தத் தயாரிப்பாளரின் போனுக்கு வருவோம். நான் பல வருஷம் செய்தி சேனல்களில் விருந்தினர் ஒருங்கிணைப்பு வேலை பார்த்தவள். இப்போது ஊடக நெறியும் அது சார்ந்த சட்டமும் சொல்லித் தருகிறேன். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போனில் பேச உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

மதியக் கூட்டத்தில் அன்றைய விவாதத் தலைப்பு முடிவாகும். உடனே ஒரு பட்டியல் போடுவார்கள். வழக்கறிஞர் ஒருவர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், கட்சிக்காரர் இருவர். இவர்கள் பெயரெல்லாம் அப்போதே பட்டியலில் ஏறிவிடும். கடைசி வரியில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்று மட்டும் இருக்கும், எதிரே பெயர் இருக்காது. வழக்கறிஞருக்குப் போன் செய்யும்போது, “சார், இன்னைக்கு இந்தத் தலைப்பு, கூட இவங்கள்லாம் வர்றாங்க, உங்க கருத்து என்ன?” என்று கேட்போம். பதவியை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். கார் அனுப்புவோம். கடைசி வரிக்கு ஆள் தேடும்போது பேச்சே வேறு. வயசு என்ன, பார்க்க எப்படி, பேசுவாங்களா, அழுவாங்களா. உங்களுக்கு வந்த போன் அதேதான். தலைப்பு என்ன என்றுகூட அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கதை ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்டது. வறுமை, ஏமாற்றம், கண்ணீர், கடைசியில் நிருபரின் பெருமூச்சு. அதில் பொருத்த ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் உறுப்பினர் போய் உட்கார்ந்து போலீஸ் வசூலைப் பற்றிச் சொன்னாலும், ரேஷன் கார்டு கிடைக்காததைச் சொன்னாலும், எடிட்டிங்கில் அது போய்விடும். “எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?” என்ற கேள்விக்கு வந்த பதில் மட்டும் மிஞ்சும்.

சில நேரம் அந்த ஆள்கூட இல்லாமல் கதை ஓடியிருக்கிறது. 2014-இல் ஐதராபாத்தில் ஓர் இளம் நடிகை விபசாரச் சோதனையில் பிடிபட்டார் என்று பெயரும் படமுமாகச் செய்தி வந்தது. கூட இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆண்களின் பெயர் வரவில்லை. இரண்டொரு நாளில், குடும்பக் கஷ்டத்தால் இப்படி ஆகிவிட்டது என்று அவரே சொன்னதாக உருக்கமான ஒரு வாக்குமூலம் நாடு முழுக்கச் சுற்றியது. ஆதரவாக எழுதியவர்களும் அதைத்தான் எடுத்துப் போட்டார்கள். இரண்டு மாதம் பெண்கள் காப்பகத்தில் இருந்துவிட்டு வெளியே வந்த அவர், அப்படி ஒரு வார்த்தைகூட நான் யாரிடமும் சொல்லவில்லை, உள்ளே இருந்த எனக்குப் பத்திரிகைக்காரர்களோடு தொடர்பே இல்லை என்றார். அந்த டிசம்பரிலேயே நீதிமன்றமும் அவர்மீது குற்றமில்லை என்றது. நாடே படித்த அந்த வாக்குமூலத்தை யார் எழுதினார்கள் என்று எந்த ஆசிரியரும் விளக்கியதாக நான் பார்க்கவில்லை.

அதற்கு முன்பு 2007-இல் டெல்லியில் நடந்தது இன்னும் மோசம். லைவ் இந்தியா என்ற சேனல் ஒரு பள்ளி ஆசிரியையின் மேல் ரகசியக் கேமரா வைத்து, மாணவிகளை இந்தத் தொழிலில் தள்ளுகிறார் என்று ஒளிபரப்பியது. கூட்டம் பள்ளிக்கு முன்னால் கூடி, அவரை அடித்து, உடையைக் கிழித்தது. கேமராவில் மாணவியாக வந்தவர் மாணவியே இல்லை, பத்திரிகைத் துறைக்கு வர ஆசைப்பட்ட ஒரு பெண் என்று விசாரணையில் தெரிந்தது. சேனலை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஒரு மாதம்தான்.

நம் ஊரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2009 அக்டோபரில் ஒரு தமிழ் நாளிதழ் சில நடிகைகளை இந்தத் தொழிலோடு தொடர்புபடுத்தி எழுதியபோது திரையுலகமே திரண்டு கண்டனக் கூட்டம் போட்டது, செய்தி ஆசிரியர் கைதானார். கைது சரியா என்பது வேறு விவாதம். ஆனால் லாட்ஜ் சோதனையில் சிக்கிய பெண்ணின் பெயரும் வயதும் ஊரும் மாவட்டப் பக்கத்தில் அச்சாகும்போது எவரும் கூட்டம் போடுவதில்லை. அதைத் தட்டிக் கேட்பதுதான் உங்கள் சங்கம் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்கிறேன், ஆள் அனுப்புவதைவிட.

உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று, கொல்கத்தாவில் கொலையான ஒரு பாலியல் தொழிலாளியின் வழக்கிலிருந்து வளர்ந்த புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில், இதைப் பற்றியும் பேசியிருக்கிறது. கைது, சோதனை, மீட்பு எதுவானாலும், குற்றம் சாட்டப்பட்டவர் என்றாலும் பாதிக்கப்பட்டவர் என்றாலும், அடையாளம் வெளியே தெரியும்படி பெயரோ படமோ போடக் கூடாது, அதற்குப் பிரஸ் கவுன்சில் வழிகாட்டுதல் வெளியிட வேண்டும் என்றது. மீட்பு நடவடிக்கையைப் படம் பிடிக்கிறோம் என்ற பெயரில் பெண்களை வாடிக்கையாளரோடு காட்டும் சேனல்கள் மேல், பெண்களை மறைந்திருந்து படம் பிடிக்கும் குற்றத்துக்கான சட்டப்பிரிவைக் கடுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்றது. அந்தப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77. இந்த உத்தரவின் நகல் ஒன்று எப்போதும் உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். மாவட்ட நிருபர்கள் பலர் இதைப் படித்ததில்லை, காட்டினால் யோசிப்பார்கள். ஆனால் ஒன்று: இது சோதனைச் செய்திக்குத்தான் நேரடியாக உதவும். தானாகப் போய்க் கொடுத்த பேட்டிக்கு இதைக் கவசமாக நம்பாதீர்கள்.

ஆள் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள், அனுப்புவது உங்கள் வேலை இல்லை. போன் வந்த செய்தியை உறுப்பினர்களிடம் அப்படியே, “அழுதாலும் பரவாயில்ல” என்பதையும் சேர்த்து, சொல்லுங்கள். யாராவது பேச விரும்பினால் அவரே முடிவு செய்யட்டும். ரேஷன் கார்டுக்கும் மாத்திரைக்கும் உங்களை நம்பி இருக்கிறவர், நீங்கள் கேட்டால் முடியாது என்று சொல்லத் தயங்குவார். நிதி கொடுக்கிறவர்கள் பார்ப்பார்கள் என்பதற்காக உறுப்பினர்களைக் கேமரா முன்னால் உட்கார வைத்த தொண்டு நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். சேனல் செய்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவசரத்தில் கேட்கிறார்கள் என்றால் பதில் ‘இல்லை’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குள் ஆள் வேண்டும் என்பது அவர்களுடைய நெருக்கடி.

ஒருவர் யோசித்து, பேசுகிறேன் என்று சொன்னால், அதன் பிறகு உங்கள் வேலை பேரம் பேசுவது. கேமரா ஓடத் தொடங்கும் வரைதான் அவர்களுக்கு உங்கள் தயவு வேண்டும். அதனால் கேட்க வேண்டியதை முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, முகம். “மறைச்சிடுவோம்” என்றால், தெளிவாக எடுத்துக்கொண்டுபோய், அப்புறம் எடிட்டிங்கில் மங்கலாக்குவோம் என்று அர்த்தம். நிருபர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பதிவு கேமராமேன், எடிட்டர், ப்ரமோ தயாரிப்பவர், டிஜிட்டல் பிரிவு, கடைசியில் காப்பகம் என்று பல கை மாறும். நிருபர் கொடுத்த வாக்கு இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. யூடியூபுக்கு முகப்புப் படம் போடுகிற பையன் மூலப் பதிவிலிருந்து ஒரு படத்தை எடுத்துவிடுவான். இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் ரெய்டு நடக்கும்போது, ‘ஃபைல் ஷாட்’ என்று மூலையில் எழுதி இதே பெண்ணை ஓட விடுவார்கள். அந்த நிருபர் அப்போது வேலையிலேயே இருக்க மாட்டார். காப்பகத்தில் குறிப்புப் போடச் சொல்லுங்கள் என்றது இதற்குத்தான்.

ஆகவே எடுக்கும்போதே மறைத்து எடுக்கச் சொல்லுங்கள். முதுகுப்பக்கத்திலிருந்து எடுக்கட்டும். இல்லையென்றால் வெறும் சுவரையோ, உங்கள் அலுவலக மேசையையோ எடுக்கட்டும். முதல் ஷாட் எடுத்ததும் கேமராவின் சின்னத் திரையில் அவரே பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மேலே போகட்டும். ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்து நிழலாக எடுக்கிறோம் என்பார்கள். வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும், யாராவது எடிட்டிங்கில் கூட்டினாலும் முகம் வந்துவிடும், ஒத்துக்கொள்ளாதீர்கள். குரலைக் கட்டையாக்குவதும் அரைகுறைப் பாதுகாப்புதான். கட்டையாக்கிய குரலைப் பழையபடி ஆக்கப் போனிலேயே வழி இருக்கிறது. குரல் மாறினாலும் பேச்சு வழக்கு மாறாது. திருநெல்வேலிப் பேச்சும் கோயம்புத்தூர்ப் பேச்சும் நமக்குத் தெரியாதா? பேசியதை எழுதி வாங்கி வேறொருவரை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நல்ல சேனல்கள் அதைச் செய்கின்றன.

அப்புறம் வீடு. உங்கள் உறுப்பினரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த மாதிரி வீடியோக்களில் நான் முதலில் பார்ப்பது சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை. அதில் நகைக்கடையின் பெயரோ பாத்திரக்கடையின் பெயரோ ஊரோடு பெரிதாக அச்சடித்திருக்கும். மங்கலாக்கும் எடிட்டர் முகத்தில் மட்டும் வட்டம் போட்டுவிட்டு இதை விட்டுவிடுவார். அடுத்தது கதவின் நிறம், கோலம், வெளியே நிற்கும் வண்டி. அவரிடமே இருக்கிற அடையாளங்களும் உண்டு: கையில் பச்சை குத்திய பெயர், மெட்டி, தாலிச் சரடு, அடிக்கடி கட்டுகிற சேலை. கைகளை மட்டும் காட்டுகிறோம் என்பது நிருபர்களுக்குப் பிடித்த ஷாட். பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்தக் கையும் வளையலும் போதும். வீட்டில் எடுக்கவே வேண்டாம். சங்க அலுவலகத்திலும் பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு எடுக்கட்டும்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “சம்மதம்” என்று பதில் வாங்குங்கள். பெரிய ஒப்பந்தம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“முகம், உண்மைப் பெயர், ஊர், வீடு, குரல் எதுவும் வராது. ப்ரமோ, யூடியூப், ஷார்ட்ஸ், முகப்புப் படம் எதிலும் வராது. ஃபைல் ஷாட்டாகப் பிறகு பயன்படுத்த மாட்டோம். பிள்ளைகள், வாடிக்கையாளர்கள் பற்றிக் கேட்க மாட்டோம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கலாம், நடுவில் எழுந்து போகலாம். ஒளிபரப்புக்கு முன்னால் அவர் பேசிய பகுதியைக் காட்டுவோம்.”

கடைசி வரிக்கு, “எடிட்டோரியல் பாலிசி ஒத்துக்காதுக்கா” என்பார்கள். முழு நிகழ்ச்சியைக் காட்ட வேண்டாம், அடையாளம் தெரிகிறதா என்று பார்க்க அவர் வரும் பகுதியை மட்டும் காட்டுங்கள் என்று கேளுங்கள். அதுவும் முடியாது என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இந்த வாட்ஸ்அப் செய்தியை வைத்து எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. ஆனால் பின்னால் புகார் கொடுக்க வேண்டிவந்தால் இதைவிட நல்ல காகிதம் வேறில்லை.

நேரலைக்கு மட்டும் ஒருபோதும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அதில் மங்கலாக்கவும் முடியாது, வாய்தவறிச் சொன்ன பெயரை வெட்டவும் முடியாது.

கேள்விகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் இந்தத் தொழிலைச் செய்வதை 1956-ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள கிட்டத்தட்ட எல்லாவற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. நிருபர் சாதாரணமாகக் கேட்கும் கேள்விக்கு வெள்ளந்தியாகச் சொல்கிற பதில் போலீசுக்கு நூல் கொடுத்துவிடும். “தனியாவா இருக்கீங்க?” என்று கேட்பார்கள். “இல்ல, நானும் இன்னொரு அக்காவும் ஒரே வீட்டுலதான் தொழில் பண்றோம்” என்று சொன்னால் அந்த வீடு சட்டப்படி விபசார விடுதி ஆகிவிடலாம், இருவர் சேர்ந்து லாபத்துக்காகப் பயன்படுத்தினாலே போதும். “பையன் என்ன பண்றான்?” என்பார்கள். பதினெட்டு வயது தாண்டிய மகன் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தால், அவள் வருமானத்தில் வாழ்கிறான் என்று 4-ஆம் பிரிவின் கீழ் அனுமானிக்க வழி இருக்கிறது. இரண்டு வருஷம் வரை சிறை. “கஸ்டமரை எப்படிக் கூப்பிடுவீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்” என்று கேட்கிற நிருபர்களும் உண்டு. பொது இடத்தில் கூப்பிடுவது 8-ஆம் பிரிவு. “பெரிய ஆளுங்க யாராவது வருவாங்களா?” என்பதற்குப் பெயர் சொன்னால் அவதூறு வழக்கு ஒரு பக்கம், அடிக்கு ஆள் வருவது இன்னொரு பக்கம்.

“எய்ட்ஸ் பயம் இல்லையா? உங்களுக்கு இருக்கா?” என்ற கேள்வி தவறாமல் வரும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தது, பாலியல் தொழிலாளர்களிடமிருந்து எடுத்த ரத்த மாதிரிகளில்தான். அன்றிலிருந்து பத்திரிகைகளுக்கு இவர்கள் என்றால் நோய், நோய் என்றால் இவர்கள். 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தன் நிலையை வெளியே சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. “அது என் சொந்த விஷயம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லுங்கள். முதல் நாள் உட்கார்ந்து நீங்கள் நிருபராகவும் அவர் அவராகவும் ஒரு தடவை பேசிப் பாருங்கள். எதற்குச் சொல்லலாம், எதற்கு வேண்டாம் என்பது அவருக்கே பிடிபட்டுவிடும்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கூச்சமாக இருந்திருக்கும். பேட்டிக்குக் காசு கொடுப்பது எங்கள் வழக்கமில்லை என்பார்கள், அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் போக்குவரத்துச் செலவும், சாப்பாடும், அன்றைக்கு இழந்த வருமானமும் கேட்பதில் தப்பே இல்லை. மனநல மருத்துவருக்குக் கார் அனுப்புகிற சேனல் இவருக்கு ஆட்டோவாவது அனுப்பட்டும்.

உங்கள் பக்கத்தை யாராவது சொல்ல வேண்டுமே என்கிறீர்கள். நிச்சயமாகச் சொல்ல வேண்டும். அதற்குக் கண்ணீர் வடிக்கும் நிழல் உருவம் தேவையில்லை. பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன: கொல்கத்தா சோனாகாச்சியில் 1995-இல் தொடங்கிய துர்பார் மகிளா சமன்வய கமிட்டியைப் பாருங்கள், மகாராஷ்டிரத்தின் சாங்லியில் இயங்கும் வேம்ப் அமைப்பைப் பாருங்கள். பத்திரிகைக்காரர்கள் கூப்பிட்டால் அங்கே நிர்வாகிகள் பேசுகிறார்கள், சொந்தப் பெயரில், பொறுப்பைச் சொல்லி. சட்டம் பற்றி, போலீஸ் பற்றி, கூலி பற்றி. உங்கள் சங்கத்திலும் ஏற்கெனவே வெளியில் தெரிந்த, குடும்பத்திலும் தெரிந்த, பேச ஆசைப்படுகிற ஒருவர் இருப்பார். அவரைப் பேச்சாளராக வையுங்கள். திங்கட்கிழமை போன் வந்தால் தலைப்பு என்ன, கூட யார், கீழே பெயர்ப்பட்டியில் என்ன போடுவீர்கள் என்று மூன்றையும் கேட்டுவிட்டு, ‘எங்கள் சங்கத் தலைவி வருவார், வழக்கறிஞருக்குக் கொடுக்கிற அதே நேரம் அவருக்கும் வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். “இல்லக்கா, எங்களுக்கு ஒரு ஆள்தான்…” என்று இழுத்தால் விட்டுவிடலாம். சரி என்றால் அந்த மனிதரின் எண்ணைச் சேமித்து வையுங்கள், அப்படிப்பட்டவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கேமரா இல்லாமல் வந்து, டீ குடித்து, கேட்டு எழுதிக்கொண்டு போகிற மாவட்ட நிருபர்கள் எனக்கே சிலரைத் தெரியும்.

பேசுகிறவருக்குத் தன் வார்த்தை மேல் பிடி இருக்க வேண்டும் என்பதற்குக் கேரளத்துப் பாலியல் தொழிலாளி நளினி ஜமீலா நல்ல உதாரணம். 2005-இல் அவருடைய சுயசரிதை மலையாளத்தில் வந்து பரபரப்பாக விற்றது. இன்னொருவர் உதவியோடு எழுதிய அந்த முதல் பதிப்பு அவருக்குத் திருப்தியாக இல்லை. விற்கிறதே என்று விட்டுவிடாமல், தானே திருத்தி மறுபடி கொண்டுவந்தார். டிவியில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கடைசியாக வீட்டுக்காரர் விஷயம். அவர் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. விபசார விடுதி நடத்துவதற்குத் தெரிந்தே வீடு கொடுத்தால் அதே 1956 சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அவர் மேலும் வழக்கு வரும். சோதனையில் ஓர் இடம் பிடிபட்டது என்று அந்தப் பகுதியில் விற்கும் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டால், அது அவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே சோதனையும் நடக்கவில்லை, வந்தது ஒரு பேட்டிதான். அதனால் அவருக்கு இப்போது சட்டச் சிக்கல் எதுவும் இல்லை என்று யாராவது நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும், உங்களைவிட ஒரு வக்கீல் சொன்னால் கேட்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சாமானைத் தூக்கி வெளியே போட முடியாது என்பதை அந்த வக்கீல் வழியாகவே வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்துங்கள். வாடகை பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டி, ரசீது வாங்கிவிடுங்கள். புகார்க் கடிதத்தை எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். எனக்கு அனுப்பும் நகலில் அவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டாம்.